கதவு பூட்டாமல் அனுப்பின கப்பல்

மே 6, செவ்வாய்

மழை. காலமை தொடங்கினது, மத்தியானம் வரை விடவில்லை. உடுப்பு ஒன்றும் காயவில்லை, கதிரை முதுகெல்லாம் சட்டை. பிரசர் 148/86. (நேர்ஸ் பிரசர் எழுதச் சொல்லித் தந்த கொப்பி இது. ஒரு நாளுக்கு ஒரு வரிதானே. மிச்சப் பக்கத்தை ஏன் வீணாக்குவான்.)

பத்து மணிக்குப் பரமேசு ரெலிபோன். கோயிலில் பழகின சிநேகிதி, மனுகாவில் இருக்கிறாள். பிள்ளைகள் எப்படி என்று கேட்டாள். கேட்டால் எனக்கு வாய் நிற்காது. சொன்னது:

கஜன் - மகள் வதனியின் மூத்தவன். வெலிங்டனில் என்ஜினியர். பாலம் கட்டுகிற இடத்தில் அவனுக்குக் கீழே பதினொரு பேர். எல்லாம் வெள்ளை.

தர்சி - இரண்டாவது. மனுகாவில் கணக்கு ஒபிஸ். மனேச்சர் ஆக்கிவிட்டார்கள். மாப்பிள்ளையையும் தானே பார்த்துவிட்டாள், நல்ல காலம் எங்கட பொடியன்.

நிலான் - மகன் ரவியின் ஒரே பிள்ளை. எட்டு வயது. நீச்சலில் முதலாமிடம். தமிழ்ப் பள்ளிக்கூடப் பேச்சில் இரண்டாமிடம். முதலாமிடம் கொடுத்திருக்க வேண்டும், அந்த ரீச்சருக்குக் காது மந்தம்.

அபி - வதனியின் கடைசி. பள்ளிக்கூடத்தில் தொட்ட பாடமெல்லாம் பரிசு. மெடிசின் இரண்டாம் வருசம். எங்கள் குடும்பத்தில் முதல் டொக்டர். நான் அஞ்சாம் வகுப்பு.

"அபி டொக்டர் எப்பிடி அக்கா, வீட்டிலை நிக்கிறவவோ?"

"அவளுக்கு எங்கை நேரம். படிப்பு, படிப்பு, படிப்பு."

அவளுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். மாசி மாதத்திலிருந்து அபி வகுப்புக்குப் போகவில்லை. ஒவ்வொரு நாளும் காலமை பையைத் தூக்கிக்கொண்டு ரெயின் ஏறிப் போவாள். நான் வாசலில் நின்று கை காட்டுவேன். எங்கே போய் இருந்தாள் என்று இன்னும் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிய வந்தது போன மாதம், கம்பசிலிருந்து கடிதம் வந்த பிறகு. இப்போது ரவி வீட்டில், வெங்காயத் தோட்ட ஊர் புக்கெகோஹியில். (எழுத நீளம். இனி பு.)

மே 7, புதன்

வெயில், ஆனால் குளிர். குளிசை மூன்றும் எடுத்தாச்சு. பாகற்காய் கடையில் இல்லை.

வதனி வேலைக்குப் போக முதல் எனக்குப் பாடம் சொல்லித் தந்தாள். "ஆரும் கேட்டால், அபியை ரெயினிங்குக்கு வெளியூர் விட்டிருக்கினம் எண்டு சொல்லுங்கோ. எந்த ஊர் எண்டு கேட்டால் வாயிலை நுழையாத பேர் எண்டு சொல்லுங்கோ. அதுக்கு மேலை ஒரு சொல்லும் வேண்டாம் அம்மா."

"ரெயினிங் எண்டால் ரெண்டாம் வருசத்திலையோ விடுறவை?"

"உங்களிட்டை ஆர் அதெல்லாம் கேக்கப்போறது?"

பிறகு ரவியோடு ரெலிபோனில் கதைத்தாள். குசினியில் இருந்த எனக்குக் கேட்டது. "கோயில் சனம் ஆரும் வந்தால் அவளை வெளியிலை விடாதை. கராச் அறையிலையே இருக்கட்டும். அவளும் அதைத்தானே விரும்புறாள்."

அபி போகும்போது ஒரு பையும் ஒரு பெட்டியும்தான் கொண்டு போனாள். பெட்டிக்குள்ளே கடதாசி மட்டையில் செய்கிற கப்பல். இருபது வயதில் பிள்ளை விளையாட்டு. மருமகன் எறியப் பார்த்தார். அவள் ஒன்றும் கதைக்காமல் பெட்டிக்கு மேலே இருந்துவிட்டாள்.

மே 9, வெள்ளி

தூறல். கோயில். பொங்கல் உப்புக் கூட.

பரமேசு எல்லாருக்கும் கேட்க, "எங்கடை முழங்காலுக்கெல்லாம் இனி இலவச வைத்தியம். அபி டொக்டர் பாஸ் பண்ணுமட்டும் ஒருத்தரும் சாகப்படாது." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பாடமாக்கினதைச் சொன்னேன். ரெயினிங். வெளியூர். வாயில் நுழையாத பேர்.

"அப்ப பெரிய ஆள் ஆயிட்டா."

"ஓம், பின்னை."

சாமிக்கு முன்னால் நின்று சொன்ன பொய். பிரசர் 161/90. இதை வதனிக்குக் காட்டவில்லை.

மே 11, ஞாயிறு

அன்னையர் தினமாம். தர்சி பூ அனுப்பினாள். கஜன் காலமையே எடுத்தான். அபி எடுக்கவில்லை, அதனால் நாங்கள் போனோம். வதனி, மருமகன், நான். பு. வரை மூன்று பேரும் ரேடியோ கேட்டோம். வழியெல்லாம் செம்மண், வெங்காயம் கிண்டி முடிந்த தோட்டங்கள்.

அபி மெலிந்துவிட்டாள். தலை சீவி இழுக்கவில்லை. மருமகள் சொன்னாள், ஒரு நாளைக்கு இரண்டு துண்டு பாணாம், அதுவும் கெஞ்சினால்தானாம். கராச் அறையில் ஒரு நீள மேசை. மேசை முழுக்கக் கப்பல். மேலே தட்டையாக, பந்து விளையாடலாம் போல.

"இது என்ன பிள்ளை, கூரை இல்லாத கப்பல்?"

"பிளேன் இறங்கிறதுக்கு அம்மம்மா. ஜப்பான்காரற்றை. பழைய யுத்தம்."

ஐயா திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்தவர். ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்று அம்மா என் பெரியண்ணையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடினதாம். நான் பிறக்க முதல். சொல்லிச் சொல்லி நானே ஓடினது மாதிரி.

"இந்த நாசமாப்போனதோ அங்கை வந்தது?"

"இல்லை. அது வேறை கப்பல்கள். இது ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யேல்லை. இதிலையிருந்து சண்டைக்கு ஒரு பிளேனும் போகேல்லை."

பிறகு தானாகக் கதைத்தாள். நாலு மாதத்தில் இவ்வளவு கதைத்ததில்லை. பாதி இங்கிலிஷ், எனக்கு விளங்கினதை எழுதுகிறேன். கப்பலுக்குப் பேர் சினானோ. முதலில் பீரங்கிக் கப்பலாகத்தான் கட்டத் தொடங்கினார்களாம். நடுவிலே மாற்றி, பிளேன் கப்பலாக்கினார்கள். அந்த நேரம் உலகத்திலேயே அதுதான் பெரிது. அவசரம். கட்டி முடிய முதலே முடிந்தது என்று எழுதிக் கடலுக்கு விட்டார்கள். பத்தாம் நாள் தாண்டு கடலுக்கு அடியில் போய்விட்டது.

"ஏன்?"

"தண்ணிக்குள்ளாலை நாலு குண்டு வந்து அடிச்சது. அடி பெரிசில்லை. கதவு பூட்டேல்லை."

"அவ்வளவு பெரிய கப்பலுக்கு ஒரு திறப்பு இல்லாமல் போச்சோ?"

என்னைப் பார்த்தாள். "அந்தப் பூட்டு இல்லை அம்மம்மா. மாமா லைற் பூட்டினவர் எண்டு சொல்லுவீங்களே, அந்தப் பூட்டு. கதவே வைக்கேல்லை. கனக்க இடத்திலை கதவு இல்லை. வயர் போற ஓட்டையும் அடைக்கேல்லை. ஒரு அறைக்குள்ளை தண்ணி வந்தால் எல்லா அறைக்கும் போகும்."

அப்போது வதனி கதவடியில் வந்து நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளோ. "நாங்கள் ஊருக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியாமல் செத்துக்கொண்டிருக்கிறம், நீ இருந்து கடதாசி ஒட்டு. அங்கை எங்கடை மானம் கப்பல் ஏறுது."

அபி நிமிர்ந்து கேட்டாள். "எந்தக் கப்பல்?"

வதனி என்னைப் பார்த்தாள். அபி விடவில்லை.

"மானம் எண்டால் மரியாதை மாதிரித்தானே? அது கப்பல்லை ஏறுறது நல்லதோ கூடாதோ? ரிக்கற் இருக்கோ அதுக்கு?"

பகிடிக்குக் கேட்கவில்லை. உண்மையாகத் தெரியாமல்தான் தொடங்கினாள். பிறகு தானே சிரிக்கத் தொடங்கினாள். அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. நிலான் ஓடி வந்து தானும் சிரித்தான். வதனி கையை ஓங்கிவிட்டாள். அடிக்கவில்லை. ஓங்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல் தன் தலைமயிரை ஒதுக்கினாள்.

அபி அதோடு வாயை மூடினாள். நாங்கள் வெளிக்கிடும்போதும் வெளியே வரவில்லை.

திரும்பி வரும்போது ரேடியோவும் போடவில்லை.

மே 12, திங்கள்

குளிர். முழங்கால். பிரசர் எடுக்கவில்லை.

குத்தரிசி, பயறு, முருங்கையிலை (உறைந்தது). வதனிக்குச் சொல்ல வேண்டும்.

நேற்று அபி சொன்னது மனதை விட்டுப் போகுதில்லை. கட்டி முடிய முதலே முடிந்தது என்று எழுதி.

இதை ஒருத்தருக்கும் சொன்னதில்லை, இங்கே எழுதுகிறேன். போன மார்கழி, முதல் வருசப் பொதுப் படிப்பில் முந்தி மெடிசின் கிடைத்து வீடு முழுக்கச் சனம் வந்து போன கிழமை. நான் குசினியில் பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தேன். அபி வந்து பக்கத்தில் இருந்து தானும் முறித்தாள். சின்னச் சின்னத் துண்டாக, கறிக்கு உதவாத அளவுக்கு. பிறகு சொன்னாள், "அம்மம்மா, எனக்குக் களைப்பா இருக்கு. ஒரு வருசம் விட்டிட்டுப் பிறகு போகவோ? அம்மாட்டை நீங்கள் கேட்டால் ஓம் எண்டுவா."

உண்மைதான். நான் கேட்டால் வதனி ஓம் என்றுதான் சொல்லியிருப்பாள்.

நான் சொன்னது: "விசரே உனக்கு? ஒரு வருசம் விட்டால் சனம் பெயில் எண்டெல்லோ சொல்லும். நான் எல்லாருக்கும் சொல்லியாச்சு."

அவள் முறித்த பயிற்றங்காயைச் சட்டிக்குள் போட்டுவிட்டு எழும்பிப் போனாள். அவ்வளவும்தான். வதனிக்கு இது தெரியாது. பெற்ற தாய்க்குக் கூடச் சொல்லாமல் என்னிடம் கேட்ட பிள்ளை.

மே 15, வியாழன்

காற்று. கடற்கரைப் பக்கம் சேற்று மணம். பிரசர் 155/88.

வதனி வேலைக்குப் போன பிறகு அபியின் கைத்தொலைபேசிக்கு எடுத்தேன். மூன்று தரம் எடுக்கவில்லை. நாலாம் தரம் எடுத்தாள்.

"சாப்பிட்டியோ" என்று கேட்கவில்லை. எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். "அந்தக் கப்பல் என்ன மாதிரிப் போச்சுது?" என்று கேட்டேன்.

பிறகு புத்தகம் வாசிக்கிற மாதிரிச் சொன்னாள். கப்பித்தான் நேரம் கேட்டவராம். வேலை முடியவில்லை, ஆட்களுக்குப் பழக்கம் காணாது, கொஞ்சம் பொறுங்கோ என்று. மேலே இருந்தவர்கள் இல்லை, இப்போதே போ என்றார்களாம். கப்பல் போகும்போதும் உள்ளே வேலைக்காரர்கள் அடித்துக்கொண்டும் ஒட்டிக்கொண்டும்தான் போனார்களாம். பின்னேரம் வெளிக்கிட்டது, மற்ற நாள் மத்தியானம் காணவில்லை.

"அடி பட்ட உடனை திரும்பியிருக்கலாமே பிள்ளை."

"கப்பித்தான் தாழாது எண்டு நினைச்சார். பெரிய கப்பல்தானே. வேகத்தைக் குறைக்கேல்லை. போன பாதையிலை ஓடினது. ஓட ஓடத் தண்ணி கூட வந்தது. பம்ப் போதாது. வாளியாலை அள்ளினவை."

வாளியால்.

"தப்பின ஆக்களும் இருக்கினமோ?"

"ஆயிரம் பேர் மட்டிலை. அவையைக் கொண்டுபோய் ஒரு தீவிலை விட்டவை."

"ஏன், காயமோ?"

"இல்லை. கப்பல் தாண்டது ஒருத்தருக்கும் தெரியக்கூடாதெண்டு. வெளியிலை கதைச்சுப் போடுவினம் எண்டு."

பிறகு சொன்னாள், "பு. நல்ல இடம் அம்மம்மா. அமைதி." (அவள் முழுப் பேரும்தான் சொன்னாள்.) சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மே 16, வெள்ளி

கோயிலுக்குப் போகவில்லை. வயிற்றுக்குள் சரியில்லை என்று சொன்னேன்.

மூன்று மணிக்கு ரவி எடுத்தான். அபியைக் காணவில்லை. போனை மேசையில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். கப்பலின் முன் பக்கத்தை மிதித்து நசுக்கியிருக்கிறாள்.

வதனி வேலையிலிருந்து நேரே பு.வுக்குப் போனாள். மருமகன் மற்றக் காரில். எனக்கு இங்கே இருக்கச் சொல்லி. பெருமழை. நான் சாமிப்படத்தடியில் இருந்தேன், கும்பிடத் தெரியவில்லை. என்ன சொல்லிக் கும்பிடுவது?

ஐந்தரைக்கு ரவி எடுத்தான். இருக்கிறாள். வெங்காயத் தோட்டக் கரையில், பெட்டிகள் அடுக்கின இடத்துக்குப் பின்னால் நிலத்தில் இருந்திருக்கிறாள். இரண்டு மணித்தியாலம் மழைக்குள். சேலை பிழிகிற மாதிரி நனைந்து. ரவி தூக்கினபோது, "எழும்ப ஏலாது மாமா" என்று மட்டும் சொன்னாளாம்.

டொக்டரிடம் கொண்டு போக வேண்டும். அதற்குள் காரில் ஒரு சண்டை, ரவி ரெலிபோனை மூடாமல் வைத்ததால் எனக்கும் கேட்டது. பக்கத்திலே இருக்கிற டொக்டர் தமிழ். வதனி, "அவரின்ரை மனிசி எங்கடை கோயில். வேறை ஆளிட்டைப் போ." ரவி, "அக்கா, பிள்ளை நடுங்குது." வதனி, "வெள்ளை ஆள் ஒருத்தரும் இல்லையோ இந்த ஊரிலை?"

நான் ரெலிபோனுக்குள் கத்தினேன். என் வாழ்நாளில் வதனிக்கு அப்படிக் கத்தினதில்லை. "தமிழனிட்டையே கொண்டு போ! இப்பவே கொண்டு போ!"

கொண்டு போனார்கள்.

மே 18, ஞாயிறு

மழை விட்டது.

டொக்டர் நல்ல மனிசன். முக்கால் மணித்தியாலம் அபியைத் தனிய வைத்துக் கதைத்தாராம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனம் களைத்துப் போச்சு, இது காய்ச்சல் மாதிரி ஒரு வருத்தம், சோம்பல் இல்லை, கெட்டித்தனம் குறைந்ததும் இல்லை என்று வதனிக்குச் சொன்னாராம். குளிசை, கிழமைக்கு ஒரு நாள் கதைக்கிற ஆள். தனிய விட வேண்டாம். கராச் அறை வேண்டாம். நிலானின் அறையில் இப்போது படுக்கிறாள்.

வதனி குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். மார்கழிக் கதையைச் சொன்னேன். அபி கேட்டதும், நான் சொன்னதும்.

வதனி கண்ணைத் துடைக்காமலே என்னைப் பார்த்தாள். "என்னட்டைச் சொல்லியிருந்தால் நான் ஓம் எண்டிருப்பன் அம்மா."

"தெரியும்."

"தெரிஞ்சோ?"

ரீ போட்டேன். குடிக்கவில்லை. ஆடை பிடித்தது.

மே 19, திங்கள்

பிரசர் 150/90. குளிர். நகம் வெட்டினேன்.

அபி டொக்டர் என்று நான் சொன்ன ஆட்கள், நினைவு வந்த மட்டில்:

பரமேசு
கோயில் மடைப்பள்ளி ஐயர்
பக்கத்து வீட்டுக் கோமதி (திருநெல்வேலி)
ரொறன்ரோ தங்கச்சி. அவள் அங்கே எல்லாருக்கும்
பாரிசில் ஒன்றுவிட்ட தம்பி
யாழ்ப்பாணத்தில் மச்சாள். அவள் ஒழுங்கை முழுக்க
காது மெசின் தருகிற பெட்டை
பஸ் ஓட்டுகிற பஞ்சாபி

பஞ்சாபிக்கு எந்தப் பாசையில் சொன்னேனோ தெரியாது. ஆனால் சொன்னேன். அவர் இரண்டு கையையும் விட்டுக் கும்பிட்டார், பஸ் ஓடிக்கொண்டிருக்க.

இவ்வளவு பேரும் அந்தப் பிள்ளையின் முதுகில் ஏறி இருந்திருக்கிறோம். ஏற்றினது நான்.

மே 20, செவ்வாய்

தொடங்கினேன். சொன்ன வாய்தானே திருப்பிச் சொல்ல வேண்டும்.

கோமதி முதல், வேலியடியில். "அபி படிப்பை விட்டிட்டாள். மனம் சரியில்லை. ரவி வீட்டை நிக்கிறாள்."

"அப்படியாம்மா? ஆமா, ரொம்ப நாளா ரயிலுக்குப் போற சத்தமே காணோமேன்னு பார்த்தேன். சாப்பிடுதா புள்ள?"

"கொஞ்சம்."

"நான் ரசம் வெச்சுத் தரேன், ரவி வந்தா குடுத்து விடுங்க." வேறொன்றும் கேட்கவில்லை. பயந்தது இதற்குத்தானா.

தங்கச்சி அப்படியில்லை. ரொறன்ரோவிலிருந்து அவள் அழுத சத்தத்துக்கு நான் போனைத் தள்ளிப் பிடித்தேன். "ஐயோ அக்கா, நான் இஞ்சை சனத்துக்கு என்னத்தைச் சொல்ல?"

"நான் சொன்னதையே சொல்லு."

மச்சாள் கேட்டாள், "அப்ப உங்கடை குடும்பத்திலை இப்ப ஆர் டொக்டர்?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்பிடியோ" என்றாள். அந்த "அப்பிடியோ"வில் கொஞ்சம் சந்தோசம் இருந்தது. இருக்கட்டும், எத்தனை வருசம் என் பெருமையைக் கேட்டுக்கொண்டிருந்தவள்.

பின்னேரம் வதனிக்குத் தெரிந்துவிட்டது, தங்கச்சி அவளுக்கு எடுத்துவிட்டாள். "அம்மா, உங்களுக்கு வயசுபோய் அறளை பேந்திட்டுதோ? ஆரைக் கேட்டுச் சொன்னனீங்கள்?"

"டொக்டர் எண்டு சொல்லேக்கையும் ஒருத்தரையும் கேக்கேல்லை."

அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. சோற்றை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

மே 21, புதன்

தம்பி, பாரிஸ்: எடுக்கவில்லை. குரல் பதிந்துவிட்டேன்.

பரமேசுக்கு எடுத்தேன். இதுதான் பயந்தது.

முழுக்கச் சொன்னேன். ரெயினிங் பொய், வெளியூர் பொய். கோயிலில் நின்று சொன்னதும் பொய்.

"அக்கா, என்ரை மகனைப் பிடிச்சு மறியலிலை அடைச்சு வைச்சிருந்த நேரம் நான் முதல் முதல் ஆருக்குச் சொன்னனான்?"

"எனக்கு."

"ஓம். உங்களுக்கு. நீங்கள் எனக்கே பொய் சொல்லியிருக்கிறியள். நான் அங்கை சனத்துக்கு முன்னாலை விசரி மாதிரி முழங்கால் பகிடி விட்டுக்கொண்டு நிண்டிருக்கிறன்."

"பரமேசு..."

"பிள்ளை சுகமா வரட்டும். நான் நேந்து விடுறன். வைக்கிறன்."

முப்பது வருசப் பழக்கம். மத்தியானம் சாப்பிடவில்லை.

மே 23, வெள்ளி

வெயில். பிரசர் 144/84, ஏன் என்று தெரியாது.

கோயில். ரவி கூட்டிக்கொண்டு போனான். பரமேசு வந்திருந்தாள், தூணுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். திருநீறு வாங்கும்போது பார்த்தோம். தலையை ஆட்டினாள், அவ்வளவும்தான். மடைப்பள்ளி ஐயரிடம் சொன்னேன். "அப்படியா" என்று சுண்டல் கூட இரண்டு கரண்டி போட்டார்.

காரில் ரவி சொன்னான், அபி நேற்றுத் தானாகக் கேட்டாளாம், வெங்காயம் பொதி பண்ணுகிற இடத்தில் காலமை மட்டும் நிற்கலாமா என்று. அவன் வேலை செய்கிற இடம். தலைக்கு வலை போட்டு, பெல்ட்டில் வருகிற வெங்காயத்தில் அழுகினதை எடுத்து எறிகிற வேலை. இன்று மூன்று மணித்தியாலம் நின்றாளாம். ஒருத்தரோடும் கதைக்கவில்லை. வந்து முட்டைப் பொரியலும் சோறும் சாப்பிட்டாளாம்.

"வீட்டை வாறன் எண்டு கேட்டவளோ?"

"இல்லை அம்மா. இப்ப வர விருப்பமில்லையாம். அக்காவையும் பாக்க மாட்டாளாம்."

"என்னை?"

ரவி சிக்னல் போட்டுத் திரும்பினான். "கொஞ்ச நாள் போகட்டும்."

மெடிசின் கிடைத்த பிள்ளை அழுகின வெங்காயம் பொறுக்குது. இதை எழுதக் கை கூசினது. ஆனால் சோறு சாப்பிட்டாள்.

மே 25, ஞாயிறு

குளிர், புல்லெல்லாம் வெள்ளை. கடைசிக் குளிசை, நாளை மருந்துக்கடை.

பத்து மணிக்கு எடுத்தேன். முதல் தரமே எடுத்தாள்.

"அம்மம்மா, நீங்கள் எல்லாருக்கும் போன் பண்ணினீங்களாம். மாமா சொன்னவர்."

"ஓம்."

"பஸ்காரருக்குமோ?"

"அவரை இன்னும் காணேல்லை."

சிரிக்கவில்லை, ஆனால் மூச்சு மாறினது. நான் மார்கழிக் கதையை எடுத்தேன். "அண்டைக்கு நீ நேரம் கேட்டனி. நான் குடுக்கேல்லை. பிழை என்ரை."

"ஓம்" என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்த்து எடுக்கவில்லை, எதிர்பார்த்தேன், ஆனால் சொல்லாதது சரி.

கப்பலை என்ன செய்தாய் என்று கேட்டேன். நசுங்கினது அப்படியே இருக்குதாம், திருத்தவும் இல்லை, எறியவும் இல்லை. உண்மைக் கப்பலும் அப்படித்தானாம். கடலுக்கு அடியில் எங்கேயோ, ஒருத்தரும் போய்ப் பார்க்கவில்லையாம். "அவ்வளவு பெரிய சாமான், எங்கை கிடக்குதெண்டு சரியாத் தெரியாது அம்மம்மா." தாழும்போது அரசருடைய படத்தை முதல் இறக்கிப் பக்கத்துக் கப்பலுக்குக் கொடுத்தார்களாம். சனம் பிறகு.

"படத்தையோ?"

"ஓம். படத்தை. ஆனால் அந்தக் கப்பலுக்கு ஒழுங்கான படம் இல்லை. ஆரும் எடுக்கக்கூடாதெண்டு சட்டம். மிஞ்சினது ரெண்டே ரெண்டு, அதுவும் தூரத்திலை."

வேலைக்கு வெளிக்கிட வேண்டும் என்று வைத்துவிட்டாள். ஞாயிறிலும் வேலை இருக்கா? கேட்கவில்லை.

மத்தியானம் முன் அறையில் போய் நின்றேன். அபியின் படம், வெள்ளைக் கோட்டுப் போட்டுக் கழுத்தில் குழாயோடு. மெடிசின் கிடைத்தவுடன் நான்தான் போடச் சொல்லி, கோட்டை ஆரிடமோ இரவல் வாங்குவித்து எடுத்தது. ரொறன்ரோவுக்கு, பாரிசுக்கு, ஊருக்கு எல்லாம் போன படம். சிரிக்கிறாள் என்று இவ்வளவு நாளும் நினைத்தேன். கிட்டப் பார்த்தால் பல் மட்டும்தான் தெரிகிறது.

கதிரையில் ஏறக் கால் விடாது. வதனியைக் கூப்பிட்டேன். ஐந்து நாளுக்குப் பிறகு கூப்பிட்டது. வந்தாள், என்ன என்று கேட்கவில்லை, ஏறிக் கழற்றித் தந்தாள். சுவரில் நாலு மூலைத் தடம்.

பிறகு எழுதினது. நாளை மருந்துக்கடைக்குப் போகும்போது தபாலில் போட வேண்டும். எழுத்துப் பிழை வராமல் இங்கே முதலில்:

அன்புள்ள அபிக்கு, அம்மம்மா எழுதுவது. உனக்குத் தமிழ் வாசிக்கக் கஷ்டம் என்றால் மாமாவிடம் கொடு. நீ வர வேண்டாம், விருப்பம் வந்த நேரம் வா. அம்மாவும் கேட்க மாட்டா, நான் பார்த்துக்கொள்கிறேன். உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். உன் புதுப் படம் ஒன்று வேண்டும். போனில் அனுப்பாதே, கடையில் கழுவித் தபாலில் போடு. வெங்காயம் பொதி பண்ணுகிற இடத்தில் நிற்கிற மாதிரியே எடு, தலைக்கு வலையோடு. கோட்டு வேண்டாம். சிரிக்க வேண்டாம்.